உங்கள் மடிக்கணினியின் 48 இலக்கச் சாவி எங்கே இருக்கிறது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு மகாவலி பெருக்கெடுத்த அந்த இரவில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. உம்மாவையும் பிள்ளைகளையும் மேட்டிலிருந்த தங்கை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. மடிக்கணினி பாடசாலைப் பையில், பை கதிரையில், கதிரை தண்ணீரில். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து சேற்றிலிருந்து அதை எடுத்தபோது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. உயிர்களை இழந்த குடும்பங்கள் ஊரைச் சுற்றி இருக்கையில் ஒரு கணினிக்காகக் கவலைப்படுவதற்கே வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத்தான் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு, "சேர், மதர்போர்ட் முடிஞ்சிது. ஆனா எஸ்எஸ்டி நல்லா ஈக்குது. டேட்டா எல்லாம் எடுக்கலாம்" என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். அவர் அந்தச் சிறிய தகட்டை, சுவிங்கம் துண்டளவுதான் இருக்கும், வேறொரு மடிக்கணினியில் பொருத்தி இயக்கினார். திரை நீலமாக மாறியது. பிட்லொக்கர் மீட்புச் சாவியை உள்ளிடுங்கள் என்று கேட்டது. எட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கங்கள், மொத்தம் 48.

"இத எங்கயாச்சும் எழுதி வெச்சீங்களா சேர்?"

அப்படியொரு சாவி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் எந்தப் பூட்டும் போடவில்லையே என்றேன். அவர் சிரித்தார். ஒரு வாரத்தில் இப்படிச் சொல்லும் நாலாவது ஆள் நான்தானாம்.

அந்தத் தகட்டில் மூன்று விடயங்கள் இருந்தன. ஒன்று, பாடசாலைப் புள்ளிப் பட்டியல்கள். அவற்றின் அச்சுப் பிரதி அதிபரின் காரியாலயத்தில் இருந்ததால் தப்பினேன். இரண்டாவது, எங்கள் மஹல்லாவின் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்கு. மூன்றாவது, வாப்பாவின் குரல். 2022 டிசம்பர் விடுமுறையில் தினமும் அஸருக்குப் பிறகு அவரை உட்காரவைத்து, பழைய ஊர் எப்படி இருந்தது, யார் யாருக்கு என்ன உறவு, பள்ளிவாசல் காணி எப்படி வந்தது என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்தேன். பதினொரு மணித்தியாலம். அடுத்த மே மாதம் வாப்பா மௌத்தானார். போனிலிருந்து கணினிக்கு மாற்றி, போனில் இடம் போதாதென்று அங்கே அழித்தும் விட்டேன்.

நான் ஆசிரியர் கலாசாலையில் கணிதம் பயின்று வெளியேறியவன். கணினி விஞ்ஞானி அல்ல. ஆனால் அந்த நீலத்திரைக்குப் பிறகு இரண்டு மாதம் இதைப் படிப்பதிலேயே கழிந்தது. படித்ததை எழுதுகிறேன்.

புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிபிஎம் என்றொரு சில்லு உண்டு. டிரஸ்டட் பிளட்போம் மொடியூல் என்பதன் சுருக்கம். சிலவற்றில் அது தாய்ப்பலகையில் ஒட்டிய தனிச் சில்லு. பலவற்றில் செயலியின் உள்ளேயே ஒரு பகுதி. 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, இந்தச் சில்லின் 2.0 பதிப்பு இல்லாத கணினியில் நிறுவ முடியாது என்று மைக்ரோசொப்ட் நிபந்தனை விதித்தது. நம்மில் பலருடைய பழைய கணினிகள் "தகுதியில்லை" என்று ஒதுக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இதுதான். அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. தகுதியான புதிய கணினியை மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் முதல் தடவை திறந்தாலே, கேட்காமல் கொள்ளாமல் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்படும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பில் அதற்கான வன்பொருள் நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. இன்னும் அதிகமான கணினிகள் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பாடசாலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். காரியாலயத்தில் ஓர் இரும்பு அலுமாரி. அதில் உங்கள் கோப்புகள். அலுமாரியின் சாவி ஒரு சிறு பெட்டிக்குள். அந்தப் பெட்டியைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாயிலில் நிற்கும் காவலாளி. மற்றது, ஒரு தாளில் எழுதிய 48 இலக்கங்கள். இரண்டில் எது இருந்தாலும் போதும். காவலாளிதான் டிபிஎம் சில்லு. ஒவ்வொரு நாள் காலையும் அவர் பெட்டியைத் திறந்து தருவதால் நமக்குப் பூட்டு இருப்பதே தெரிவதில்லை.

அந்தக் காவலாளியின் குணம் விசித்திரமானது. அவருக்கு ஆளைத் தெரியாது, பழக்கத்தைத்தான் தெரியும். கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும் நிரல், அடுத்து ஓடும் நிரல், அதன் பாதுகாப்பு அமைப்பு என்று ஒவ்வொன்றின் சுருக்க அடையாளத்தையும் சில்லு கணக்கிட்டு, முன்னையதோடு சேர்த்துத் தன் உள்ளே சங்கிலியாகப் பதிகிறது. அந்தச் சங்கிலி நேற்றைய சங்கிலியோடு ஒத்திருந்தால் மட்டுமே சாவி வெளியே வரும். யாராவது வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலோ, தொடக்க நிரலில் கைவைத்தாலோ சங்கிலி மாறிவிடும். காவலாளி கையை விரித்துவிடுவார். திருடனுக்கு எதிராக இது அருமையான ஏற்பாடு. ஆனால் வெள்ளத்தில் காவலாளியே இறந்துவிட்டால்? பெட்டியின் அந்த வழி அவரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது தாளில் எழுதிய இலக்கங்கள் மட்டும்.

உடைத்துத் திறக்க முடியாதா என்று பலர் கேட்டார்கள். திருத்துமிடத் தம்பியிடம் நானும் கெஞ்சிக் கேட்டேன். இந்த 48 இலக்கங்களுக்குள் ஒளிந்திருப்பது 128 பிட் நீளமான ஓர் எண். அதற்கு 2இன் 128ஆம் வலு அளவு சாத்தியங்கள் உண்டு. 34க்குப் பின்னால் 37 பூச்சியங்கள் போட்டுப் பாருங்கள். செக்கனுக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல்லாயிரம் கோடி மடங்கு காலம் எடுக்கும். "கொழும்பில ஒரு ஆள் ஈக்கிறார், உடைச்சித் தருவார்" என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கிட்டத்தட்டக் கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் என்னுடைய சாவி எங்கே போனது? இதுதான் என்னை அதிகம் வருத்திய பகுதி. தானாக மறைகுறியாக்கம் நடக்கும்போது, மீட்புச் சாவி எந்த மைக்ரோசொப்ட் கணக்கால் கணினி முதலில் திறக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கணக்கு உங்களுடையதாக இருந்தால், வேறொரு கணினியிலோ போனிலோ உள்நுழைந்து, சாதனங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். என்னுடைய கணினியை 2022 ஜனவரியில் வாங்கிய இடத்தில், "எல்லாம் செட் பண்ணித் தாறோம்" என்றார்கள். நான் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தேநீரின் விலையை இப்போதும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கடையின் ஏதோவொரு கணக்கால் கணினியைத் திறந்து, வேலையை முடித்து, பிறகு அந்தக் கணக்கை நீக்கி என் பெயரில் ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கித் தந்திருக்கிறார்கள். கணக்கு நீங்கியதே தவிர பூட்டு நீங்கவில்லை. சாவி அவர்களுடைய கணக்கிலேயே தங்கிவிட்டது.

அதைச் செய்த இளைஞர் இப்போது கட்டாரில். நல்ல பிள்ளை, வட்ஸ்அப்பில் பேசினேன், மூன்று நாள் முயன்று பார்த்தார். இரண்டு வருடங்களுக்கு ஒரு தடவையேனும் உள்நுழையாத கணக்குகளை மைக்ரோசொப்ட் மூடிவிடலாம் என்பது விதி. அந்தக் கணக்கு இல்லை. அவ்வளவுதான்.

இங்கே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். வட்டை மறைகுறியாக்குவது சரியான காரியம். பேருந்தில் தொலைந்த ஒரு மடிக்கணினியிலிருந்து வீட்டுப் பெண்களின் படங்களும் மாணவர்களின் விபரங்களும் வெளியே போகாமல் தடுப்பது இதுதான். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; பிறருடைய விபரங்களைக் கையில் வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு. ஆகவே பூட்டியதில் எனக்குக் குறையில்லை. பூட்டியதைச் சொல்லாததில்தான் குறை. ஒரு வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர்கூடச் சாவியைக் கையில் தந்துதான் அனுப்புகிறார். கணினியை அமைத்துத் தரும் கடைகள், பற்றுச்சீட்டோடு அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தர எவ்வளவு நேரம் எடுக்கும்? இரண்டு நிமிடம். கேட்டு வாங்குங்கள். அதைவிட நல்லது, முதல் தடவை திறப்பதை உங்கள் சொந்தக் கணக்கால் நீங்களே செய்யுங்கள்.

இது ஏதோ வெள்ளத்தில் அகப்பட்டவனின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி குரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஒரு புதுப்பிப்பை அனுப்பியதில் உலகெங்கும் விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் நின்றுபோனது நினைவிருக்கும். மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள். பிழையான கோப்பொன்றை அழித்துவிட்டால் போதும் என்பதுதான் தீர்வு. ஆனால் அழிப்பதற்காகக் கணினியைப் பாதுகாப்பு முறையில் திறக்கப் போனால், ஏராளமானவை பிட்லொக்கர் சாவியைக் கேட்டன. சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சேவையகமே அதே பிழையால் விழுந்து கிடந்தது. அலுமாரிச் சாவியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இன்னும் சாதாரணமான சந்தர்ப்பங்களும் உண்டு. கணினியின் பயோஸ் புதுப்பிக்கப்பட்டால் சிலவேளை கேட்கும். ஏஎம்டி செயலியை மாற்றினால், அதன் உள்ளிருக்கும் டிபிஎம் மாறிவிட்டது, அழித்துப் புதிதாக்கவா என்று திரை கேட்கும். ஆம் என்று அழுத்துமுன் மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருத்தக் கொடுக்குமுன்னும் அப்படியே.

இப்போது உங்கள் கணினியில் பார்க்க வேண்டியது. அமைப்புகளில் "பிரைவசி என்ட் செக்கியூரிட்டி" பகுதிக்குப் போனால் "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்று ஒன்று இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது. கீழே தேடல் பெட்டியில் பிட்லொக்கர் என்று தட்டினால் வரும் பக்கத்தில் மீட்புச் சாவியைப் பிரதியெடுக்கும் வசதி உண்டு. கணக்கில் சேமிக்கலாம், கோப்பாக எடுக்கலாம், அச்சிடலாம். கோப்பாக எடுத்தால் அதே பூட்டிய வட்டில் வைக்க விண்டோஸ் விடாது. பென் டிரைவ் ஒன்றைக் கேட்கும். அந்தப் பென் டிரைவை மடிக்கணினிப் பையிலேயே போட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். பை களவு போனால் பூட்டும் சாவியும் ஒன்றாகப் போகும், அவ்வளவுதான். அச்சிடுவதே எனக்குப் பிடித்தது. சாவியோடு அதன் அடையாள எண்ணும் இருக்கும். நீலத்திரை அந்த அடையாளத்தைக் காட்டித்தான் கேட்கும், அதனால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருந்தால் எந்தத் தாள் எதற்கு என்று அப்போதுதான் தெரியும்.

கணக்கில் வைப்பதா, தாளில் வைப்பதா என்றால் அது நீங்கள் யாரை அஞ்சுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்கில் இருக்கும் சாவி அந்த நிறுவனத்திடமும் இருக்கிறது. சட்டப்படியான கட்டளை வந்தால் அது தன்னிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டிவரும். தாளில் இருப்பதை வீட்டுக்கு வரும் எவரும் பார்க்கலாம், வெள்ளமும் கொண்டுபோகலாம். சாதாரண குடும்பத்துக்கு நான் சொல்வது இரண்டும். எங்கள் வீட்டில் தாளும் நனைந்துதான் போயிருக்கும், கீழ்த்தளத்து மேசை லாச்சியில் வைத்திருந்தால். ஆகவே தாள் உங்கள் கூரைக்கு வெளியே, வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

கையால் எழுதுபவர்களுக்குக் கணித ஆசிரியனாக ஒரு செய்தி. இந்த விபரத்தைக் கண்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த எட்டுத் தொகுதிகளில் ஒவ்வோர் ஆறிலக்க எண்ணும் 11ஆல் மீதியின்றி வகுபடும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். 11ஆல் வகுபடுமா என்று பார்க்கும் குறுக்குவழி பாடசாலையில் படித்ததுதான்: இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துக்கொண்டே போங்கள், விடை பூச்சியமோ 11இன் மடங்கோ வர வேண்டும். உதாரணமாக 274186 என்பதை எடுங்கள். 2 கழி 7, கூட்டு 4, கழி 1, கூட்டு 8, கழி 6. விடை பூச்சியம். சரியான தொகுதி. இதில் ஏதேனும் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றி எழுதினாலும் விடை கெட்டுவிடும். ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும் இரண்டை மாற்றினால் மட்டும் பிடிபடாது. ஏன் என்பதை வகுப்பில் கேட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் சொல்வார்கள். எழுதிய தாளைச் சரிபார்க்கக் கணினியே தேவையில்லை, ஒரு பென்சில் போதும்.

இதுவரை சொன்னது வட்டின் சாவி. அது சில்லுக்கு வெளியே பிறந்து, சில்லால் பூட்டப்பட்ட சாவி. ஆகவே பிரதி எடுக்கலாம். வேறொரு வகை உண்டு: சில்லின் உள்ளேயே பிறந்து, வெளியே வரவே முடியாத சாவி. மின்னியல் கையொப்ப அட்டைகள், கணக்குகளுக்குள் நுழையப் பயன்படும் சிறு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிகள் எல்லாம் அந்த வகை. இவற்றுக்குப் பிரதி கிடையாது, பிரதி எடுக்க முடியாமை என்பதே அவற்றின் பெறுமதி. அதற்கு வழி இரண்டாவது சாவியொன்றை வாங்கி, இரண்டையும் ஒரே கணக்கில் பதிந்து, ஒன்றை வீட்டில் வைப்பது. சில்லின் உள்ளே பிறந்ததால் அது குறையற்றது என்றும் எண்ணக்கூடாது. 2017இல் இன்பினியொன் நிறுவனத்தின் சில்லுகள் சாவி உருவாக்கும் முறையில் ஒரு பலவீனம் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்தோனிய நாடு ஏறத்தாழ ஏழரை இலட்சம் தேசிய அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை இடைநிறுத்திப் புதுப்பிக்க வேண்டி வந்தது. டிபிஎம் சில்லு வைத்திருந்த மடிக்கணினிகள் பலவும் அதே பட்டியலில் இருந்தன.

தனிச் சில்லாக இருக்கும் டிபிஎம்மிலும் ஓட்டை உண்டு. சாவி சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் ஒட்டுக்கேட்கலாம். 2024 பெப்ரவரியில் ஸ்டெக்ஸ்மேஷிங் என்ற பெயரில் இயங்கும் ஆய்வாளர், பத்து டொலருக்கும் குறைந்த ராஸ்பெரி பை பிக்கோ பலகையொன்றால் பழைய மடிக்கணினி ஒன்றின் சாவியை 43 செக்கனில் எடுத்துக் காட்டினார். பின் இலக்கம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால் இந்த வழி அடைபடும். நம்மைப் போன்றவர்களின் வீட்டுக்கு அப்படிப்பட்டவர் வருவது அபூர்வம். மழை வருவது நிச்சயம்.

வட்ஸ்அப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதே தவறை அங்கே அதிகம் பேர் செய்கிறார்கள். 2021 முதல் உரையாடல் பிரதிகளையும் முழுமையாக மறைகுறியாக்கும் வசதி உண்டு. அதை இயக்கும்போது கடவுச்சொல் ஒன்றையோ 64 இலக்கச் சாவியொன்றையோ தெரிவு செய்யச் சொல்லும். 64 இலக்கச் சாவியைத் தெரிவு செய்தால் அது உங்களிடம் மட்டும்தான். அதன் திரைப்படத்தை அதே போனில் எடுத்து வைத்து, பிறகு போனைத் தொலைத்த ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும்.

சாவி தொலைந்த கதைகளில் உலகப் பிரசித்தமானது ஸ்டீபன் தோமஸ் என்ற நிரலாளருடையது. 2011இல் பிட்கொயின் பற்றிய காணொளி ஒன்றுக்குச் சன்மானமாகக் கிடைத்த 7,002 பிட்கொயினின் சாவியை அயன்கீ என்ற வன்பொருள் பூட்டுள்ள பென் டிரைவில் வைத்தார். கடவுச்சொல் எழுதிய தாள் தொலைந்தது. அந்த டிரைவ் பத்துத் தடவை பிழைத்தால் தன்னைத் தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021இல் இக்கதை பத்திரிகையில் வந்தபோது எட்டுத் தடவைகள் முடிந்திருந்தன. பதினொரு மணித்தியாலக் குரலுக்காக நான் அழுதபோது, உறவினர் ஒருவர் ஆறுதலுக்காக இந்தக் கதையைத்தான் அனுப்பினார். ஆறுதலாக இருக்கவில்லை.

சரியாகச் செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது கண்டது, இணையத்தின் பெயரேட்டுக்கே கையொப்பமிடும் வேர்ச் சாவி. ஐகான் அமைப்பின் பொறுப்பில், அமெரிக்காவில் கல்பெப்பர், எல் செகுண்டோ என்னும் இரண்டு ஊர்களில், திறக்க முயன்றால் உள்ளிருப்பதை அழித்துவிடும் பெட்டிகளில் அது இருக்கிறது. முதல் சாவிச் சடங்கு 2010 ஜூன் 16ஆம் திகதி நடந்தது. இரண்டு இடங்களும் அழிந்தால்? சாவியின் பூட்டிய பிரதியைத் திறக்கும் இரகசியம் ஏழு பங்குகளாக்கப்பட்டு, வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த ஏழு பேரிடம் அட்டைகளில் கொடுக்கப்பட்டது. எந்த ஐவர் சேர்ந்தாலும் போதும். நால்வர் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது. அட்டை பத்திரமாக இருக்கிறது என்பதைக் காட்ட அவர்கள் ஆண்டுதோறும் அன்றைய பத்திரிகையோடு அட்டையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று வாசித்தபோது, நம்மூர் ஓய்வூதியக்காரர்கள் உயிருடன் இருப்பதற்குச் சான்றிதழ் கொடுப்பது நினைவுக்கு வந்தது. இவ்வளவு ஏற்பாட்டிலும் 2020 பெப்ரவரியில் எல் செகுண்டோவில் ஓர் இரும்புப் பெட்டகத்தின் பூட்டு பழுதாகித் திறக்க மறுத்துவிட்டது. துளைபோட்டுத் திறந்து, சில நாள் தாமதித்தே சடங்கை நடத்தினார்கள்.

ஏழு பங்கில் ஐந்து என்பது எப்படிச் சாத்தியம்? ஆதி ஷமீர் 1979இல் எழுதிய வழி. இரண்டு பங்கு போதும் என்ற எளிய வகையைத் தரம் பத்துப் பிள்ளைக்கும் விளக்கலாம். இரகசிய எண் 7 என்க. அதை வெட்டுத்துண்டாகக் கொண்டு, படித்திறன் 3 ஆகும்படி ஒரு நேர்கோடு வரையுங்கள். கோட்டில் 1க்கு நேரே 10, 2க்கு நேரே 13, 3க்கு நேரே 16. இந்த மூன்று புள்ளிகளை மூன்று பேரிடம் கொடுங்கள். எந்த இருவர் சேர்ந்தாலும் கோட்டை வரைந்து 7ஐக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு புள்ளியினூடாக எண்ணற்ற கோடுகள் போகுமாதலால் தனியொருவரால் எதையும் சொல்ல முடியாது. நடைமுறையில் மிகப் பெரிய முதன்மை எண்ணொன்றால் வகுத்த மீதிகளை வைத்துச் செய்வார்கள், ஆனால் கருத்து இதுதான். 48 இலக்கங்களைப் பாதி பாதியாக வெட்டி இருவரிடம் கொடுப்பது இதுவல்ல. அதில் ஒருவர் தொலைத்தாலே முழுதும் போய்விடும்.

எங்கள் பள்ளிவாசல் உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி தலைவரிடம், ஒரு சாவி பொருளாளரிடம். எவரும் எவரையும் சந்தேகிப்பதாக இதுவரை யாரும் நினைத்ததில்லை. அதே நிர்வாகத்தில் இருந்துகொண்டு ஜனாஸா சங்கத்தின் முழுக் கணக்கையும் ஒரே மடிக்கணினியில், ஒரே ஆளிடம், பிரதியின்றி வைக்க எப்படித் துணிந்தோம் என்று எனக்கே விளங்கவில்லை. அந்த ஆள் நான்தான். அமானிதத்தைப் பற்றி மேடையில் பேசியவனும் நான்தான்.

கணக்கை மீட்க ஏழு வாரம் எடுத்தது. வீடு வீடாகப் போனோம். சந்தாத் துண்டுகள் பல வீடுகளில் வெள்ளத்தோடு போயிருந்தன. சிலர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம். கட்டியதாகச் சொன்னவரிடம் இல்லை என்று சொல்ல எங்களிடம் என்ன ஆதாரம் இருந்தது? ஒரு வீட்டில் மட்டும், தனியாக வாழும் ஒரு மூதாட்டி, ஒன்பது வருடத் துண்டுகளையும் கம்பியொன்றில் கோத்து, அரிசிச் சாக்குக்கு மேலே கூரை மரத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒன்றும் நனையவில்லை. "மாஸ்டர், கம்பியூட்டர்ல எழுதினீங்க தானே, அப்ப ஏன் கேக்க வந்தீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது அந்தக் கணக்கு மூன்று இடங்களில் இருக்கிறது, மாதாமாதம் அச்சிட்டும் வைக்கிறோம். சாவியைப் பாதுகாப்பது வேறு, கோப்பைப் பிரதியெடுப்பது வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட்டே பழுதாகிவிட்டால் 48 இலக்கங்களை வைத்துக்கொண்டு எதைத் திறப்பது? இரண்டும் வேண்டும்.

வாப்பாவின் குரல் இருக்கும் தகடு பொலித்தீன் உறையில் மேல்மாடி அலுமாரியில் இருக்கிறது. அதில் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒரு பிட்டும் குறையாமல். உம்மா இடைக்கிடை கேட்பார், அதைத் திறந்தாயிற்றா என்று.

போன மாதம் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கினோம். பெட்டியை நாங்களே பிரித்து, அவளுடைய கணக்காலேயே திறந்தோம். மீட்புச் சாவியை அவள் தன் கையெழுத்தில் எழுதினாள். எழுதிய எட்டுத் தொகுதிகளையும் 11ஆல் சோதிக்கச் சொன்னேன். ஐந்தாவதில் விடை பூச்சியம் வரவில்லை. 3 என்பதை 8 என்று எழுதியிருந்தாள். திருத்தி, லெமினேட் செய்து, அன்று மாலையே தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.